அக்காவின் வருத்தத்துக்கு நான் எழுதிய சொல்

நான் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது இடம்பெயர்ந்தோம். போன முதல் மூன்று இடங்களில் கொட்டில் போட்டு வகுப்பு நடத்தினார்கள், நாலாவது இடத்தில் அதுவும் இல்லை. அதற்குப் பிறகு மன்னாரில் மீன் வாடி, கொழும்பில் ஒரு லொட்ஜ், நீர்கொழும்பில் ஒரு விடுதி, வளைகுடாவில் கட்டட வேலை, மலேசியாவில் கொஞ்சக் காலம் பொலிசுக்கு ஒளித்துத் திரிந்தது என்று இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஓரிடத்தில் கால் தரிப்பது என் சுபாவத்தில் இல்லை. இப்போது நெடுந்தீவில் இருப்பதுகூட வேறிடத்துக்குப் போக வழி கிடைக்காததால்தான்.

ஆங்கிலத்தைப் பிழை விட்டு விட்டுத்தான் பிடித்தேன். நீர்கொழும்பு விடுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பையைக் கதிரையில் வைத்து, 'லுக் ஆஃப்டர்' என்று சொல்லிவிட்டுக் கடலில் குளிக்கப் போனார். பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது தேடு என்று பொருள்படும் 'லுக் ஃபோர்' மட்டும்தான் தெரியும். அந்தப் பையை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு பை காணாமற்போனதாக நினைத்து அதைத் தேடி விடுதியின் மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். திரும்பி வந்தபோது கதிரையில் பை இல்லை. அன்றைக்கே வேலையும் இல்லை.

அந்த வேலை போன பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்து ஆளை ஏமாற்றும் சொற்களை இரண்டிரண்டாக எழுதினேன். 'ஹோப்' என்றால் நடக்கக்கூடியதை எதிர்பார்ப்பது, 'விஷ்' என்றால் நடக்காதென்று தெரிந்தும் ஆசைப்படுவது. 'அலோன்' தனியே இருப்பது, 'லோன்லி' தனிமையில் வாடுவது. கட்டட வேலைக்குப் போன முதல் மாதத்தில் பத்துப் பேர் படுக்கும் அறையில் கிடந்து இந்த இரண்டையும் சரியாக விளங்கிக்கொண்டேன். நெடுந்தீவுக்கு வந்து ஓட்டோவில் சுற்றுலாக்காரரை ஏற்றத் தொடங்கிய பிறகு சேர்ந்த சொற்களும் உண்டு. ஒருநாள் ஒரு தம்பதி எங்கள் தீவு வெளிகளில் திரியும் குதிரைகளைப் பார்த்துவிட்டு வாக்குவாதப்பட்டார்கள். கணவன் 'வைல்ட்' என்றார், மனைவி 'ஸ்ட்ரே' என்றார். ஒருபோதும் சொந்தக்காரன் இல்லாதது முதலாவது, இருந்து கைவிட்டுப் போனது இரண்டாவது. படகு புறப்படும்வரை அவர்கள் முடிவுக்கு வரவில்லை. நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

இப்படி ஒரு மனிதன் ஊரில் இருந்தால் கடிதங்கள் தானாக வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து வரும் படிவங்கள், வங்கிக் கடிதங்கள், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டு என்று எல்லாவற்றையும் துறைமுகத்தடிக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். தெரியாததைத் தெரியாதென்று நான் சொன்னது குறைவு. கதிரை போட்டுத் தேத்தண்ணி தருகிற மரியாதை என்னைப் போன்றவனுக்கு வேறெதனால் கிடைக்கப்போகிறது?

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான்.

சொந்த அக்கா இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட்டதால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னை மாமா என்பார்கள். மூத்தது மகள், கலியாணம் முடித்துத் தாயோடு இருந்தாள். இளையவன் வளைகுடா நாடொன்றில் உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். அக்காவுக்கு இருதயம் பழுதாகி, கால் இரண்டும் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பார்த்த டொக்டர் மகளைத் தனியே கூப்பிட்டு, இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, வர வேண்டிய ஆட்களை வரச் சொல்லுங்கள் என்றாராம்.

வர வேண்டிய ஆள் ஒருவன்தான். அவனுடைய கடவுச்சீட்டு கொம்பனியின் கையில் இருந்தது. அவசர விடுமுறை வேண்டுமென்றால் வீட்டாரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வர வேண்டும். என்ன வருத்தம், இப்போது ஆள் என்ன நிலையில் இருக்கிறார் என்ற இரண்டையும் அதில் எழுதி, ஊர் அதிகாரியான விதானையாரின் கையெழுத்தும் முத்திரையும் போட்டு அனுப்ப வேண்டும். விடுமுறை கொடுப்பதா இல்லையா என்பதைக் கொம்பனி அதைப் பார்த்து முடிவுசெய்யும்.

மகள் வேலிப் படலையடியில் என்னை மறித்தாள்.

"மாமா, பெரிய சொல்லாப் பார்த்துப் போடுங்கோ. சின்னச் சொல்லுக்கு அவங்கள் அசையமாட்டாங்கள்."

"பெரிசு சின்னன் எண்டு இல்லைப் பிள்ளை. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு இடம் இருக்கு. வீக் எண்டா உடம்பில பெலனில்லை, சாப்பிட்டுப் படுத்தாச் சரியாகும். இல் எண்டா வருத்தம். சீரியஸ் எண்டா..."

"அது எனக்கும் தெரியும். வாட்டில சீரியஸ் எண்டு சொன்னா ஆக்கள் வெள்ளைச் சீலையைத் தேடத் தொடங்கிடுவினம். அதுக்கு மேலயும் கிடக்கோ?"

"கிரிட்டிக்கல்."

"ரெண்டையும் போடுங்கோ."

"ஓம், போடுறன்."

எங்கள் பேச்சில் இதற்கெல்லாம் வருத்தம் என்ற ஒரே சொல்தான். தடிமன் வந்தாலும் வருத்தம், சாகக் கிடந்தாலும் வருத்தம். எந்த வருத்தம் என்பதைச் சொல்பவரின் குரலை வைத்துக் கேட்பவர் பிடித்துக்கொள்வார். கடிதத்தில் குரல் போகாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அக்கா யன்னலடிக் கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மகன் வீடியோவில் கதைத்துவிட்டு அப்போதுதான் போனை வைத்திருந்தான். அவனுக்காகப் பூசிய பவுடர் முகத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. என்னைக் கண்டதும் தொடங்கினார்.

"வாரும், வாரும். உந்த வெள்ளைக்காரியளுக்குக் குதிரை காட்டிக் காட்டியே வயசு போட்டுது. ஒருத்தியாவது உம்மைக் கட்டிக்கொண்டு போனவளே?"

"ஒருத்தி கேட்டவ அக்கா. குதிரையைத்தான் கொண்டுபோக ஏலுமோ எண்டு கேட்டவ."

சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரம் எடுத்தது. மகள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் மேசையில் இருந்து எழுதினேன். பத்து வரி. நான் சீரியஸாக வருத்தமாக இருக்கிறேன், நிலை கிரிட்டிக்கல், மகனைப் பார்க்கக் கேட்கிறேன். கச்சிதமாக வந்தது என்று எனக்குள் சந்தோசப்பட்டதும் நினைவில் இருக்கிறது.

கடிதம் அக்காவின் பெயரில் போவது. அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் தீவில் ஆளுக்கு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது களவுக்குச் சமம். வாசிக்காத தாளில் கையெழுத்து வைத்துக் காணி இழந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அதனால் விளங்குதோ விளங்கவில்லையோ, முதலில் எழுதியபடி உரத்து வாசித்து, பிறகு தமிழில் சொல்லி, அதன் பிறகுதான் பேனையைக் கையில் கொடுப்போம். அப்படித்தான் வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே அக்கா கையைத் தூக்கினார்.

"சீரியஸ் எண்டெல்லோ கேட்டுது?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு பின்கதவு திறந்து, கிணற்றடிப் பக்கம் மகள் போவது கேட்டது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சும்மா கடிதத்துக்குப் போடுறது அக்கா. கொம்பனிக்காரருக்கு உறைக்க வேணுமெல்லே."

"நான் அப்பிடியே கிடக்கிறன்?"

என்னால் ஓமென்று சொல்ல முடியவில்லை. படுக்கையில் கிடக்கிறவரின் முகத்துக்கு நேரே அவருடைய சாவைச் சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. கடைசி மூச்சு இழுக்கிற ஆளைப் பார்த்துக்கூட, இண்டைக்கு எப்பன் தெளிவாய் இருக்கிறியள் என்றுதான் சொல்வோம். சொல்லி எழுதிவைத்தால் அது பலித்துவிடும் என்று பயம்.

"இல்லை அக்கா. எப்பன் தெளிவாய்த்தான் இருக்கிறியள்."

"அப்ப ஏன் அந்தச் சொல்லு?" என்றவர் கட்டிலில் கையூன்றி நிமிர்ந்தார். "தம்பி, நான் சொல்லுறதைக் கேளும். அவன் நிக்கிறது ஆகாயத்தில. இருவது மாடி, முப்பது மாடி. கீழ பார்க்கத் தலை சுத்தும் எண்டு அவனே சொன்னவன். அம்மா சீரியஸ் எண்டு கேட்ட மனசோட அந்தக் கம்பியில ஏறினா என்ன நடக்கும்? எனக்கு அவன் வராட்டிலும் பரவாயில்லை. விழக்கூடாது."

நான் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவளுக்கு உது விளங்காது. அவளுக்கு என்னைப் பார்க்கப் பார்க்கப் பயம். நீர் நாலு இடம் பார்த்தனீர். வேற நல்ல சொல்லு இல்லையே?"

"வீக் எண்டு போடலாம்."

"வீக்," என்று சொல்லிப் பார்த்தார். "வீக் எண்டா சரி. நான் வீக்தானே. சுகம் வரும் எண்டும் ஒரு சொல்லுப் போடும். பிள்ளை சந்தோசப்படட்டும்."

புதுத் தாள் எடுத்தேன். நான் வீக்காக இருக்கிறேன், ரிக்கவரிங், அதாவது தேறி வருகிறேன், மகனைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று எழுதினேன். அதை வாசித்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கையெழுத்துப் போட மூன்று தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தேறி வருகிற ஒருவரின் கையெழுத்து அப்படி இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டுதான் தாளை மடித்தேன். முதலில் எழுதிய தாளையும் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். விதானையாரிடம் எதைக் கொடுப்பது என்பது என் கையில்தான் இருந்தது.

படலையடியில் மகள் நின்றாள். கண் சிவந்திருந்தது. "போட்டீங்களே மாமா?" என்று கேட்டாள்.

"போட்டனான்," என்றேன்.

அக்கா கையெழுத்து வைத்த தாளில்தான் விதானையார் முத்திரை குத்தினார். அவருக்கு அவசரம், அன்றைக்குப் படகில் ஆட்கள் வந்து வாசல் நிறைய நின்றார்கள். மகள் அதை வாசிக்கத் தெரியாமலே படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள், அவன் அதைக் கொம்பனிக்குக் கொடுத்தான். அக்கா பயந்தபடி எதுவும் நடக்க வழியில்லை. அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அங்கே அவன் பழகியது உடைந்த ஹிந்தியும் கொஞ்சம் அரபியும்தான். கடிதத்தில் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் அது அவனைச் சுட்டிருக்காது. இதை அந்தக் கட்டிலடியில் இருந்து நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. மகள் துறைமுகத்தடிக்கு ஓடிவந்து போனைக் காட்டினாள். உங்கள் தாயார் தேறி வருவதில் சந்தோசம், நடக்கும் வேலை முடிந்ததும் விடுமுறை பற்றிப் பார்ப்போம், அவர் விரைவாகச் சுகமடைய வாழ்த்துகிறோம் என்று எழுதியிருந்தது. தேறி வருவதில் சந்தோசம் என்ற பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தைத் தமிழில் சொன்னேன்.

"கிரிட்டிக்கல் எண்டு எழுதியுமோ?" அவள் குரல் உயர்ந்தது. படகுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். "உவங்கள் மனிசரே மாமா? உவங்கள் தாயிட்டைப் பால் குடிச்சு வளந்தவங்களே?"

"கொம்பனிக்காரர் உப்பிடித்தான் பிள்ளை. இரும்பு மனசு," என்று நானும் சேர்ந்து திட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர்கூடத் திட்டினார்.

அன்றைக்கே இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை சரியான சொற்கள் இரண்டும் இருந்தன. மகளின் பெயரில் எழுதியதால் அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை, மகள்தான் கையெழுத்து வைத்தாள். நாலு நாளில் பதில் வந்தது: முதற் கடிதத்துக்கும் இதற்கும் பொருத்தமில்லை, டொக்டரின் கடிதம் அனுப்புங்கள். பின்பாதியை மட்டும் மகளுக்குச் சொன்னேன். கிளினிக் கொப்பியில் மருந்துகளின் பெயர்தான் இருந்தது. டொக்டரிடம் போக யாழ்ப்பாணம் போக வேண்டும். காற்று எழும்பிப் படகு இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை மகள் படகில் குறிகட்டுவான் துறைக்குப் போய் பஸ் பிடித்து, டொக்டரைக் காத்திருந்து பார்த்துக் கடிதம் வாங்கி, கடைசிப் படகில் திரும்பி வந்தாள். வருகிற வழியிலேயே அதை அனுப்பியும்விட்டாள். கொம்பனி சம்மதித்தது. சம்மதித்த செய்தி வந்த காலையில் அக்கா போய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

சவ அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான். உறவுக்காரர் எல்லோருக்கும் பெட்டி தூக்க, பூ எடுக்க, பிள்ளையைப் பிடிக்க வேலை இருந்தது. எனக்கு இல்லை. அதனால் போனை என் கையில் தந்தார்கள். கோயிலிலிருந்து சேமக்காலைக் குழி வரைக்கும் பெட்டிக்கு அருகில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இடைக்கிடை படம் நின்று போகும். திரும்பி வரும்போது அவன் குரல் வரும்: "மாமா, எப்பன் கிட்டப் பிடியுங்கோ. முகம் தெரியேல்லை."

அடக்கம் முடிந்த பிறகு வந்து என்ன செய்வது என்று அவன் அந்த விடுமுறையை எடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்துதான் வந்தான். வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு சேட்டும் சவர்க்காரப் பெட்டியும் தந்தான். அக்காவின் கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். கதிரை போட்டார்கள். கொஞ்ச நேரம் அங்கத்தைய வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டு, போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி என்னிடம் காட்டினான். என் எழுத்து, முதற் கடிதம்.

"கோவிக்காதேங்கோ மாமா. அங்க என்னோட ஒரு மலையாளி, நல்லாப் படிச்சவர். அவரிட்டை இதைக் காட்டினனான். தேறி வாறா எண்டு எழுதிக்கிடந்தா எந்தக் கொம்பனி லீவு குடுக்கும் எண்டு கேட்டார். வீக்குக்கும் சீரியஸுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாதோ?"

அவன் சண்டைக்கு நிற்கவில்லை. கேட்டே ஆகவேண்டிய ஒன்றைக் கேட்கிறவனின் முகம்தான் அது. உன் அம்மாதான் கேட்டா என்று சொல்லியிருக்கலாம். ஏன் கேட்டா என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் இவ்வளவு நாளும் கொம்பனிமேல் வைத்திருந்த கோபத்தை அவன் தன் தாய்மேலோ, உயரத்தில் நின்ற தன்மேலோ வைத்துக்கொள்வான் என்று ஒரு காரணம் அந்தக் கணத்தில் எனக்குக் கிடைத்தது. நல்ல காரணம் போலவும் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே என் வாய் வேறொன்றைச் சொல்லத் தயாராகிவிட்டது.

"தெரியாது தம்பி. நான் எட்டாம் வகுப்புக்காரன். எல்லாம் ஒண்டெண்டு நினைச்சுப் போட்டன்."

அவன் முகம் இளகியது. "அதுதான் மாமா. நானும் அவருக்குச் சொன்னனான், எங்கட மாமா படிக்காத ஆள், பாவம், தெரிஞ்சு செய்திருக்கமாட்டார் எண்டு."

அப்போதுதான் மகள் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நிற்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கோப்பையை என் முன் வைத்தாள். நான் குடித்துவிட்டு எழும்பியபோது படலை வரைக்கும் கூட வந்தாள்.

"வித்தியாசம் தெரியாதோ மாமா? இந்த இடத்தில நிண்டு ஒவ்வொண்டா எனக்கு விளங்கப்படுத்தினியள்."

சவர்க்காரப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"போட்டனான் எண்டும் சொன்னியள். நான் அந்தக் கொம்பனியைத் துறைமுகத்தில நிண்டு திட்டினனான். பக்கத்தில நிண்டு நீங்களும் திட்டினியள்."

"பிள்ளை, அம்மாதான்..." என்று தொடங்கினேன்.

"செத்தவவின்ர தலையில போடாதேங்கோ," என்றாள். "தம்பிக்கு நான் சொல்லமாட்டன். அவன் உங்களைப் பாவம் எண்டு நினைச்சுக்கொண்டு போகட்டும்."

படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கடிதம் எதுவும் என்னிடம் வரவில்லை. தெருவில் கண்டால் விலகிப் போகிறாள்.

அவன் திரும்பவும் அதே வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எடுப்பான். தன் அக்காளிடம் கேட்டால் அவள் அழுகிறாள் என்று, தாயின் கடைசி நாட்களைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறான். என்ன சாப்பிட்டா, என்ன கதைத்தா, தன்னைப் பற்றி ஏதும் சொன்னாவா என்று. என்னைப் பகிடி பண்ணியதைச் சொல்லியிருக்கிறேன். அவனோடு கதைக்க முதல் பவுடர் பூசியதைச் சொல்லியிருக்கிறேன். தன்னைப் பற்றி என்ன சொன்னா என்று அவன் கேட்கும்போது, கட்டிலில் கையூன்றி நிமிர்ந்து அவர் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்கிறது. அவனுக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிறதில் பெரிது அதுதான். அதைச் சொன்னால் நான் தெரிந்தே எழுதியதும் கூடவே வெளியில் வரும். உன்னைத்தான் எந்த நேரமும் கேட்டவ என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அங்கே இப்போது வெயில் எப்படி என்று கேட்கிறேன்.